கோப்புகள் வீடு மாறின, முகவரி மாறவில்லை

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. நான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, “எதைம்மா பூட்ட முடியலை?” என்று கேட்டார்.

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். திங்கட்கிழமை காலையில் ஆய்வக அறிக்கை ஒன்றை ஒப்படைக்க வேண்டும். புதன், வியாழன் இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதிய அறிக்கை அந்த மடிக்கணினியில் இருந்தது. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என் கையில், சற்று முன் கம்பியைப் பிடுங்கி எடுத்த பழைய ஹார்ட் டிஸ்க். அதை என் கணினியில் செருகி முழுவதும் அழித்துவிட்டு, இனிக் காப்புநகல் வைக்கப் பயன்படுத்தலாம் என்று எடுத்திருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் கழிந்திருந்தால் அழித்திருப்பேன். அறிக்கையும் அதோடு போயிருக்கும். ஏனென்றால் அது புதிய வட்டில் இல்லவே இல்லை.

நம் தலைமுறை கணினியோடு பிறந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் படம் தோன்றுவதற்கும் இடையே உள்ள சில விநாடிகளில் என்ன நடக்கிறது என்று கேட்டால், கணினிப் பாடம் எடுத்த நம்மில் பலர்கூட விழிப்போம். நான் விழித்தேன். அந்தச் சில விநாடிகளை மாணவர்கள் ஒருமுறையாவது தங்கள் கையால் பழுதுபார்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்கு வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியைவிட நல்ல பாடநூல் இல்லை.

எங்கள் வீட்டுப் பாடநூல் அப்பா 2015இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இந்தக் கணினியில் இல்லை. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. அந்தக் குவியலில் இதையும் சேர்ப்பானேன் என்று லினக்ஸ் மின்ட் போட்டேன். இயங்கியது, ஆனால் ஆமை வேகம். தடை செயலி அல்ல, உள்ளே சுழன்றுகொண்டிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினோம். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

செவ்வாய்க்கிழமை இரவு வேலையைத் தொடங்கினேன். “அரை மணி நேரம்தான்டா” என்று தம்பியிடம் சொன்னது உண்மை. எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேசிங்கில் போட்டு, தம்ப் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, புதிய வட்டைப் பகுதிகளாகப் பிரித்தேன். ‘ஆர்சிங்க்’ என்ற கட்டளையால் பழைய வட்டிலிருந்த அத்தனை கோப்புகளையும் ஒன்றுவிடாமல் நகலெடுத்தேன். பிறகு மடிக்கணினியின் முதுகைத் திறந்து எஸ்எஸ்டியை உள்ளே வைத்தேன். வெளியே வந்த பழைய வட்டு கேசிங்குக்குள் போனது. ஏதேனும் விடுபட்டிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை யுஎஸ்பி கம்பியில் செருகியே வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மின்ட் வந்தது. தம்பியின் மேசைப்படம், கோப்புறைகள், எல்லாம் அப்படியே. வெற்றி என்று அறிவித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

புதன்கிழமை தம்பி ஒரு கேள்வி கேட்டான். “அக்கா, புது டிஸ்க்னு சொன்ன, அதே ஸ்லோவாதானே இருக்கு?” முதல் நாள் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்றேன். எந்த அடிப்படையில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மூத்தவர்கள் பதில் தெரியாதபோது பேசும் குரல் எனக்கும் வந்துவிட்டது போலும்.

நடந்தது இதுதான். செவ்வாய் இரவு முதல் அந்த மடிக்கணினி ஒரு விநாடிகூடப் புதிய வட்டிலிருந்து இயங்கவில்லை. யுஎஸ்பி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய வட்டைத் தேடிப் பிடித்து, அதிலிருந்தே துவங்கி, அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. தம்பியின் இரண்டு நாள் உழைப்பும் அங்கேதான் சேர்ந்தது. உள்ளே இருந்த எஸ்எஸ்டி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. வெள்ளி இரவு நான் கம்பியைப் பிடுங்கியதும் உண்மை வெளிவந்தது. அந்தக் கறுத்த திரையை அப்போது சபித்தேன். யோசித்துப் பார்த்தால், அது வந்ததால்தான் அறிக்கை பிழைத்தது.

எல்லாக் கோப்பும் புதிய வட்டில் இருக்க, கணினி ஏன் அதைக் கண்டுகொள்ளவில்லை?

கணினியைத் தட்டி எழுப்பும்போது அதற்கு எதுவும் தெரியாது. லினக்ஸ் என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. இயங்குதளம் வட்டில் இருக்கிறது. வட்டைப் படிக்க இயங்குதளம் வேண்டும். தன் காலணியின் பின்வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னை உயர்த்திக்கொள்ளும் கதை இது. ‘பூட்’ என்ற சொல்லே அந்த வாரின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பூட்டுக்கும் அதற்கும் உறவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சங்கிலி வேண்டும். முதலில் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு மென்பொருள் விழிக்கிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வரும் கணினிகளில் யுஇஎஃப்ஐ. அது பூட் லோடரைத் தேடி எடுத்து இயக்கும். பூட் லோடர், இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் வட்டைத் திறந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். ஒவ்வொருவரும் அடுத்தவரை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

பயாஸ் காலத்தில் இந்த எழுப்புதல் மிக நெருக்கடியான இடத்தில் நடந்தது. வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் பயாஸ் படிக்கும். அதில் 64 பைட் பிரிவினை அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிச்சம் 446 பைட். பூட் லோடரின் முதல் துண்டு அதற்குள் அடங்க வேண்டும். இந்தப் பத்தியே அதைவிட நீளம். கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்போது இந்த 446 பைட் வராது, ஏனென்றால் அது எந்தக் கோப்புக்குள்ளும் இல்லை. யுஇஎஃப்ஐ கொஞ்சம் வசதியானது. அது வட்டில் தனியாக ஒரு சிறு பகுதியைக் கேட்கிறது. பூட் லோடர் அங்கே சாதாரணக் கோப்பாகவே இருக்கும். எந்த வட்டின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பு என்பதைக் கணினி தன் தாய்ப்பலகையின் நினைவிலேயே குறித்து வைத்துக்கொள்ளும்.

நான் புதிய வட்டில் அந்தச் சிறு பகுதியை உருவாக்கியிருந்தேன். உள்ளே எதையும் வைக்கவில்லை. தாய்ப்பலகையின் குறிப்பிலோ பழைய வட்டின் அடையாள எண்தான் இருந்தது.

இதைப் பாட்டிக்கு விளக்க முயன்றபோதுதான் எனக்கே தெளிவாகப் புரிந்தது. பள்ளியில் கணினியை நான் ஆங்கிலத்தில் படித்தவள். ‘பூட் லோடர்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் விளங்கிவிட்டதாக ஒரு மயக்கம் வந்துவிடும். பாட்டியிடம் அந்த மயக்கம் செல்லாது. கேட்டுவிட்டுச் சொன்னார்: “தோ பாயோவிலேருந்து ஈசூன் வந்தப்போ சாமான் எல்லாம் ஒரே நாள்ல வந்துருச்சு. கடுதாசி மட்டும் பழைய வீட்டுக்கே போய்க்கிட்டிருந்துச்சு. வாராவாரம் பஸ் ஏறிப் போய் பக்கத்து வீட்டம்மாகிட்ட வாங்கிட்டு வருவேன்.”

அதேதான். இங்கே வீடு மாறினால் 28 நாள்களுக்குள் புதிய முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அடையாள அட்டையின் பின்னால் முகவரி மாறாத வரை, நாற்காலி மேசையெல்லாம் எங்கே இருந்தாலும் கடிதம் பழைய கதவைத்தான் தட்டும். லினக்ஸிலும் ஒவ்வொரு வட்டுப் பகுதிக்கும் அடையாள எண் உண்டு. யுயுஐடி என்பார்கள், 128 பிட் நீளம், எழுதினால் 32 இலக்கங்கள். ஒரு பகுதியைப் புதிதாக உருவாக்கும்போது புதிய எண் பிறக்கிறது. உள்ளே பழைய கோப்புகளைக் கொட்டினாலும் எண் புதியதுதான். ஆனால் அந்தக் கோப்புகளுக்கு இடையே, ‘என் வீடு இந்த எண்ணில் இருக்கிறது’ என்று பழைய எண்ணைச் சொல்லும் இரண்டு கோப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன. ஒன்று பூட் லோடரின் அமைப்புக் கோப்பு. இன்னொன்று எந்தப் பகுதியை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’. ஆக, எங்கள் புதிய வட்டுக்கு வழிகாட்டியும் இல்லை, கையில் இருந்த முகவரியும் தவறு.

லினக்ஸ் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் அந்த வழிகாட்டியின் பெயர் கிரப். எரிக் போலின் என்பவர் 1995இல் தொடங்கிய பணி. அதற்கு முன்பு பரவலாக இருந்தது லைலோ. லைலோவுக்குக் கோப்பு அமைப்பைப் படிக்கத் தெரியாது. கெர்னல் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். கெர்னல் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் திரும்ப மனப்பாடம் செய்விக்க வேண்டும். கிரப்புக்குப் படிக்கத் தெரியும், எண்ணைக் கொடுத்தால் தேடிப் போகும். தேர்வுக்கு முந்தைய இரவு நம்மில் யார் லைலோ, யார் கிரப் என்பதை வாசகர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

வெள்ளி இரவுக்குத் திரும்புவோம். பழுதுபார்த்த கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதே நிலையில் மாட்டிக்கொண்ட யாராவது இதைப் படிக்கக்கூடும்.

மடிக்கணினி தானாக எழாது என்பதால் மீண்டும் தம்ப் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கினோம். துவக்கப் பட்டியலில் யுஇஎஃப்ஐ என்று குறித்த வரியைத் தேர்ந்தெடுத்தோம். பழைய பயாஸ் முறையில் எழுப்பினால், தாய்ப்பலகையின் குறிப்பேட்டில் எதையும் எழுத முடியாது. அடுத்து, வட்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை. இங்கேதான் வியர்த்தது. லினக்ஸ் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று வரிசையாகப் பெயர் வைக்கும். அந்தப் பெயர் நிரந்தரம் அல்ல. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர். செவ்வாய்க்கிழமை எஸ்டிபி என்றிருந்தது வெள்ளிக்கிழமை எஸ்டிஏ ஆகியிருந்தது. அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் ஒன்று 465.8, மற்றொன்று 447.1 என்று காட்டியது. விற்பவர்கள் ஆயிரங்களில் எண்ணுகிறார்கள், கணினி 1024களில் எண்ணுகிறது. அதனால் 500உம் 480உம் இப்படிச் சுருங்கின. நடு இரவில் தூக்கக் கண்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடைசியில் தயாரிப்பு மாதிரி எண்ணைக் காட்டச் சொல்லி, வட்டின் மேல் ஒட்டியிருந்த தாளோடு தம்பி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தான். ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டினோம்: எஸ்டிஏ புதியது.

முதலில் ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டினோம். இரண்டு நாள்களில் மாறியவற்றை மட்டும் அது எடுத்துக்கொண்டது. தம்பியின் அறிக்கை புதிய வட்டுக்கு வந்து சேர்ந்ததை அவன் கண்ணால் பார்க்கும்வரை மூச்சு விடவில்லை. உடனே பழைய வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம். கணினியில் இல்லாத வட்டில் தவறாக எழுத முடியாது. அன்று இரவு நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

பிறகு புதிய வட்டின் பகுதிகளைத் தம்ப் டிரைவ் லினக்ஸுக்குள் இணைத்தோம். பெரிய பகுதி, அதற்குள் பூட் லோடருக்கான சிறு பகுதி, அதன்பின் வன்பொருளோடு பேசத் தேவையான மூன்று நான்கு அமைப்புக் கோப்புறைகள். அடுத்து ‘சிஎச்ரூட்’. இது அருமையான கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிடம், ‘இந்த நிமிடத்திலிருந்து இந்தக் கோப்புறைதான் உன் வீடு’ என்று சொல்கிறது. இன்னும் தானாக எழ முடியாத புதிய வட்டின் லினக்ஸுக்குள் நாமே போய் உட்கார்ந்துகொள்கிறோம். உள்ளே போய் எஃப்எஸ்டேப்பைத் திறந்து பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை எழுதினேன். ‘கிரப்-இன்ஸ்டால்’ என்று ஒரு கட்டளை: சிறு பகுதிக்குள் வழிகாட்டியை வைத்து, தாய்ப்பலகையின் குறிப்பையும் புதுப்பித்தது. ‘அப்டேட்-கிரப்’ என்று இன்னொன்று: புதிய எண்ணோடு பட்டியலை மறுபடி எழுதியது. மொத்தம் இரண்டு வரிகள். அவை ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு வரிகளை எந்த வட்டுக்கு, எந்த நிலையில் இருந்து சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

கணினியை அணைத்து மீண்டும் எழுப்பினோம். கிரப் வந்தது, மின்டின் சின்னம் வந்தது, அங்கேயே நின்றது. ஒரு வட்டுப் பகுதிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி ஒன்றரை நிமிடம் எண்ணியது. பிறகு ‘எமர்ஜென்சி மோட்’ என்ற கறுத்த திரை. தம்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

எஃப்எஸ்டேப்பில் இரண்டு எண்கள் உண்டு. பெரிய பகுதிக்கு 32 இலக்கம், பூட் லோடரின் சிறு பகுதிக்கு வெறும் எட்டு இலக்கம். நீளமானதை மாற்றினேன், குட்டியானதை யுயுஐடி என்றே என் கண் எடுத்துக்கொள்ளவில்லை. இல்லாத பகுதிக்காகக் கணினி காத்திருந்து காத்திருந்து கைவிட்டது. எட்டு இலக்கத்தை மாற்றிய பிறகு மூன்றாம் முறை பொத்தானை அழுத்தினோம். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் மேசைப்படம் வந்துவிட்டது. நம்பவில்லை. இந்த முறை ‘டிஎஃப்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளையைக் கொடுத்து, எந்த வட்டிலிருந்து இயங்குகிறது என்று கேட்டோம். எஸ்டிஏ என்றது. இந்த இரண்டெழுத்தைச் செவ்வாய் இரவே தட்டியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

‘இவ்வளவு தலைவலி எதற்கு? கடையில் கொடுத்தால் செய்து தர மாட்டார்களா?’ என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். திங்கட்கிழமை ஒப்படைப்பு இருக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை இதைத் தொடங்கக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வட்டை அப்படியே அச்சுப்பிசகாமல் நகலெடுக்கும் மென்பொருள்களும் உள்ளன. புதிய வட்டு பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருந்தால் அது எளிய வழி. எங்களுடையது 20 ஜிபி சிறியது, அதனால் அந்த வழி நேரடியாகக் கைகொடுத்திருக்காது. அப்படி நகலெடுத்தால் அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே அடையாள அட்டையோடு இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் கடிதம் யாரிடம் போகும்? இரண்டு வட்டையும் ஒன்றாகச் செருகினால் அந்தக் குழப்பம்தான். சங்கிலியைத் தெரிந்துகொள்ளாமல் எளிய வழியிலும் தப்ப முடியாது.

எனக்குக் கவலை தருவது வேறு. இன்று இப்படி ஒரு சிக்கல் வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறோம், அது கொடுக்கும் வரிகளை அப்படியே ஒட்டுகிறோம். நானும் அன்று ஒட்டப் பார்த்தேன். அது கொடுத்த கட்டளையில் எழுத்துப்பிழைகூட இல்லை. வட்டின் பெயர் மட்டும் எஸ்டிபி என்று இருந்தது. எங்கள் மேசையில் அன்றைக்கு எஸ்டிபி எது என்று அதற்கு எப்படித் தெரியும்? நூலைப் பார்த்தோ, நண்பரைக் கேட்டோ, செயலியைக் கேட்டோ, எங்கிருந்து கட்டளை வந்தாலும் அந்த ஓர் எழுத்தை நிரப்ப வேண்டியவர் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான். அதை நிரப்பத் தெரியாதவர் கையில் சரியான கட்டளையும் ஆபத்து.

பள்ளிகள் இதில் என்ன செய்கின்றன? 2020 முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் எல்லாருமே ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டத்தில் நிரலிடுதலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற இலக்கும் நிறைவேறியது. இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால் அந்தக் கற்றல் சாதனத்தில் நிர்வாக மென்பொருள் இருக்கும். உள்ளே கைவைக்க அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. தயவுசெய்து இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதன் முதுகைத் திறந்துவிடாதீர்கள். ஆக, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணினி இருக்கிறது. பிரித்துப் பார்த்துப் பழகத்தான் ஒன்றும் இல்லை. 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பிதியாம்’ போன்ற முயற்சிகள் மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் பழுதுபார்க்கக் குடியிருப்பாளர்களுக்குச் சொல்லித் தருகின்றன. கணினி மன்றங்களை இணைப்பாட நடவடிக்கையாக நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் என்ன? கைவிடப்பட்ட நான்கு மடிக்கணினிகள், நான்கு தம்ப் டிரைவ்கள். மூத்த மாணவர்கள் முன்கூட்டியே பூட் லோடரைக் கெடுத்து வைக்கட்டும், இளையவர்கள் எழுப்பட்டும்.

மன்றம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்குங்கள். லினக்ஸ் போடுங்கள். இரண்டாவது மெய்நிகர் வட்டு ஒன்றைச் சேர்த்து, கோப்புகளை அதற்கு மாற்றி, முதல் வட்டைப் பிடுங்குங்கள். எங்களுக்கு வெள்ளி இரவு வந்த அதே கறுப்புத் திரை உங்களுக்கும் வரும். காசும் போகாது, யாருடைய அறிக்கையும் போகாது. பத்து முறை கெடுத்துப் பத்து முறை சரிசெய்யலாம். மெய்யான வட்டில் கைவைக்கும் நாள் வந்தால் காப்புநகல் முதலில். பழைய வட்டை உடனே அழிக்க வேண்டாம். புதியதில் பழையதைக் கழற்றிவிட்டுத் துவக்கிப் பார்த்து, சில வாரம் புழங்கிய பிறகு யோசிக்கலாம். எங்களுடைய பழைய வட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, ‘தொடாதே’ என்று தம்பி எழுதி ஒட்டிய தாளோடு. தாளில் என் பெயரும் இருக்கிறது.

அறிக்கை திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்தது. இப்போது அதே மாடியில் இருக்கும் ஓர் ஆன்ட்டி தம் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். வட்டு மாற்ற வேண்டும். அது எங்களுடையதைவிட ஐந்தாறு வயது மூத்தது, பயாஸ் வகை. சிறு பகுதி, தாய்ப்பலகைக் குறிப்பு எதுவும் கிடையாது. எல்லாம் அந்த 446 பைட்டில் தொடங்குவதுதான். இந்த முறை விசைப்பலகையின் முன்னால் தம்பி உட்காரப் போகிறான். நான் வட்டின் மேல் உள்ள எண்ணை வாசிக்கப் போகிறேன்.